தன்னிலையும் படர்க்கையும்: 'அந்நியன்' படத்தை மறுபடி பார்த்தபோது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் 'அந்நியன்' போட்டார்கள். எத்தனையாவது தடவையோ தெரியாது. ஆனால் என் பையன் முழுசாக உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. அவனுக்குப் பதிமூணு வயசு. விசாரணை அறையில் விக்ரம் ஒரு நொடி அம்பியாகக் கெஞ்சி, அடுத்த நொடி அந்நியனாக உறுமுவாரே, அந்தக் காட்சி முடிந்ததும் கேட்டான்: "அப்பா, அப்போ கொலை பண்ணினது அம்பியா, இல்லியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா பதில் சொல்லிவிட்டாள். "அவன் பண்ணலடா. அவனுக்குள்ள இருந்தவன் பண்ணினான். இவன் பாவம், இவனுக்கு ஒண்ணுமே தெரியாது."

அந்தத் தொனி எனக்கு ரொம்பப் பழக்கமானது. சினிமாவுக்காக வந்த தொனி இல்லை. அப்பா ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தார். சம்பள நாளிலும், சில சமயம் சம்பளம் இல்லாத நாளிலும் குடித்துவிட்டு வருவார். அந்த ராத்திரிகளைப் பற்றி இங்கே விவரமாக எழுத எனக்கு இஷ்டமில்லை. மறுநாள் காலையில் என்னையும் அக்காவையும் ஸ்கூலுக்குக் கிளப்பும்போது அம்மா சொல்லுவாள்: "அது அப்பா இல்ல. அவன் குடிச்ச ஆளு. அப்பாகிட்ட மூஞ்சத் தூக்கி வச்சுக்காதீங்க." காலையில் காபி குடிப்பவர் 'அவர்'. ராத்திரி வந்தவன் 'அவன்'. ஒரே ஆளுக்கு இரண்டு சுட்டுப்பெயர், நடுவில் ஒரு தூக்கம்.

பையனின் கேள்வியை விட்டுவிட முடியவில்லை. படத்தை மறுபடி, இந்தத் தடவை தனியாக, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பக்கத்திலேயே ஸ்டீவன்சனின் ஜெக்கில் - ஹைடு நாவலையும் எடுத்து வைத்துக்கொண்டேன். நான் மனநல மருத்துவனும் இல்லை, சினிமா விமர்சகனும் இல்லை. பி.இ. படித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். படித்ததையும் பார்த்ததையும் வைத்து எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

2005 ஜூனில் படம் வந்தபோது நண்பர்களோடு ராத்திரி ஷோ போனேன். ஷங்கரின் பிரம்மாண்டம், ஹாரிஸ் ஜெயராஜின் பாட்டு, சுஜாதாவின் வசனம். (சுஜாதா எங்களைப் போன்ற இன்ஜினியர்களுக்குக் கிட்டத்தட்ட குலதெய்வம். அதனால் கீழே எழுதப்போவதைக் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன்.) கதை எல்லோருக்கும் தெரியும். அம்பி என்கிற ராமானுஜம், ரூல்ஸ் தப்பாத வக்கீல். ஊரில் நடக்கும் ஒவ்வொரு அலட்சியத்துக்கும் புகார் கொடுப்பார், கேஸ் போடுவார், ஒன்றும் நடக்காது. சின்ன வயசில் தேங்கிய மழைத்தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து தங்கை செத்துப்போனதிலிருந்து ஆரம்பித்த கோபம். அந்தக் கோபம் அந்நியனாக எழுந்து கருட புராணத் தண்டனைகளைக் கொடுக்கிறது. நந்தினியிடம் காதலைச் சொல்லத் தெரியாத கூச்சம் ரெமோவாக மாறுகிறது. இது எதுவும் அம்பிக்குத் தெரியாது. நாசர் டாக்டராக வந்து, மல்டிபிள் பெர்சனாலிட்டி டிஸ்ஆர்டர் என்று நமக்குப் பாடம் எடுக்கிறார்.

அன்றைக்குத் தியேட்டரில் நாங்கள் பார்த்தது ஒரு உடம்பில் மூன்று பேர். இப்போது நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது வேறொன்று கண்ணில் பட்டது. அந்நியன் கொல்லும் ஆட்களின் லிஸ்ட்டை எடுத்துப் பாருங்கள். விபத்தில் அடிபட்டவனைக் காரில் ஏற்ற மறுத்தவன். ரயிலில் மோசமான சாப்பாடு போடும் கான்ட்ராக்டர். தரமில்லாத பிரேக் தயாரிக்கிறவன். இதில் ஒருத்தர்கூட அந்நியன் தானாகக் கண்டுபிடித்த ஆள் இல்லை. எல்லோருமே அம்பி ஏற்கெனவே சண்டை போட்டு, புகார் கொடுத்து, தோற்றுப்போன ஆட்கள். நந்தினியைக்கூட அவன் கொல்ல வருவது, நிலத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டிப் பத்திரச் செலவை மிச்சம் பிடித்ததற்காக. அதுவும் அம்பிக்கு உறுத்திய விஷயம்தான். அம்பியின் பெண்டிங் ஃபைல்களை முடித்துக் கொடுக்கும் குமாஸ்தா மாதிரி இருக்கிறான் இவன். ரெமோவும் அப்படியே. அம்பிக்கு இல்லாத ஆசை ஒன்றுகூட ரெமோவுக்குக் கிடையாது.

அப்படியென்றால் இவன் எந்த விதத்தில் அந்நியன்? அம்பி விரும்பாததை விரும்பினால் அவனை அந்நியன் என்று சொல்லலாம். அம்பிக்குத் தெரியாத பகை அவனுக்கு இருந்தால் சொல்லலாம். இரண்டும் இல்லை. அம்பிக்கும் அவனுக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு சுவர், மறதி. அந்தச் சுவரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, தன் எதிரிகளைத் திட்டமிட்டுக் கொல்கிற ஒரு வக்கீல். அவனுக்கு நாம் விசில் அடித்திருப்போமா? ஷங்கருக்கு மறதி தேவைப்பட்டது நோய்க்காக இல்லை என்று நினைக்கிறேன். கொலையும் வேண்டும், ஹீரோவின் கை சுத்தமாகவும் இருக்க வேண்டும். அதற்குத்தான்.

சட்டமும் இதே சுவரைத்தான் பார்க்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 84-வது பிரிவு, தான் செய்வது என்னவென்றே அறிய முடியாத அளவுக்கு மனம் பேதலித்தவனைக் குற்றத்திலிருந்து விலக்குகிறது. அடுத்த 85-வது பிரிவு போதை பற்றியது. ஒருவனுக்குத் தெரியாமலோ, அவன் விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஏற்றப்பட்டிருந்தால்தான் அதில் விலக்கு. தானே போய்க் குடித்தவனுக்குக் கிடையாது. அம்பி 84-இல் தப்பித்து சிகிச்சைக்குப் போகிறார். என் அப்பா மாதிரி ஆட்கள் 85-இல் மாட்டுவார்கள். அம்மா வீட்டில் நடத்திய கோர்ட்டில் மட்டும் இந்த வித்தியாசம் இல்லை.

இனி ஸ்டீவன்சன். 1886-இல் வந்த சின்ன நாவல் அது. 'ஜெக்கில் நல்லவன், ஹைடு கெட்டவன்' என்று அதைப் படிக்காமலே எல்லோருக்கும் தெரியும். படித்தால்தான் தெரிகிறது, அது தப்பு. ஹைடு முழுக்கக் கெட்டவன்தான். ஜெக்கில் முழுக்க நல்லவன் இல்லை. மருந்து குடித்த பிறகும் ஜெக்கில் பழைய கலவையாகவே இருக்கிறார், நல்லதும் கெட்டதும் சேர்ந்து. ஹைடு இருக்கும்போது ஜெக்கிலின் கௌரவம் காணாமல் போகிறது. ஜெக்கில் இருக்கும்போது ஹைடின் ஆசை காணாமல் போவதில்லை. மருந்தே நடுநிலையானதுதான், சிறைக் கதவை அசைத்ததோடு அதன் வேலை முடிந்தது, அப்போது உள்ளே விழித்திருந்தவன் வெளியே வந்தான் என்கிற அர்த்தத்தில் அவரே எழுதுகிறார். மனுஷன் இரண்டோடு நிற்க மாட்டான், உள்ளே ஒரு ஊரே இருக்கலாம் என்று பின்னால் வருகிறவர்கள் கண்டுபிடிப்பார்கள் என்றும் சொல்கிறார்.

முக்கியமான விஷயம், இருவருக்கும் ஞாபகம் ஒன்று. ஹைடு செய்தது ஒவ்வொன்றும் ஜெக்கிலுக்குத் தெரியும். நம்முடைய அம்பிக்குக் கிடைத்த சலுகை அவருக்கு இல்லை. அதனால் அவர் வேறொரு வழி கண்டுபிடிக்கிறார். கடைசி அத்தியாயம் அவருடைய வாக்குமூலம். ஆரம்பத்தில் 'நான்' என்று எழுதுகிறார். ஹைடாக இருந்தபோது செய்ததையும் பல இடங்களில் 'நான்' என்றே எழுதுகிறார். போகப்போக, விஷயம் மோசமாக ஆக ஆக, 'அவன்' வருகிறது. ஒரு கட்டத்தில் தன்னால் அதற்கு மேல் 'நான்' என்று சொல்ல முடியவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். தன்னிலை படர்க்கையாக மாறும் இடம் அது. மருந்து அவரை இரண்டாகப் பிரித்ததைவிட இந்த இலக்கண மாற்றம் பிரித்தது அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஸ்டீவன்சன் அவரைத் தப்பிக்க விடுவதில்லை. நாவலின் முதல் அத்தியாயத்தில் ஹைடு ராத்திரி தெருவில் ஒரு சின்னப் பெண்ணை மிதித்துக்கொண்டு போகிறான். ஜனங்கள் பிடித்துக்கொண்டு 100 பவுண்டு நஷ்டஈடு கேட்கிறார்கள். உள்ளே போய் 10 பவுண்டு தங்கமும், மீதிக்கு ஒரு செக்கும் கொண்டுவருகிறான். செக்கில் இருப்பது ஜெக்கிலின் கையெழுத்து. பின்னால் ஒரு குமாஸ்தா ஹைடின் எழுத்தையும் ஜெக்கிலின் எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். ஒரே எழுத்து, சாய்வு மட்டும் வேறு. இதைவிடச் சரியாக எப்படிச் சொல்ல முடியும்? மூஞ்சி மாறுகிறது, உயரம் மாறுகிறது, கையெழுத்து மட்டும் சாய்ந்துகொள்கிறது.

இன்னொன்று. ஹைடு செய்த கெடுதலை முடிந்த இடங்களில் ஜெக்கில் ஓடிப்போய்ச் சரிசெய்வாராம். அப்படிச் சரிசெய்துவிட்டால் மனசாட்சி நிம்மதியாகத் தூங்குமாம். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் ஞாபகம் வந்துவிட்டது.

நான் ஒன்பதாவது படிக்கும்போது. ஒரு ராத்திரி அப்பா என் புத்தகப் பையைத் தூக்கி எறிந்தார். ஜியாமெட்ரி பாக்ஸ் நசுங்கி, காம்பஸின் கால் வளைந்துபோனது. காலையில் அப்பா வழக்கம்போலக் கேட்டார்: "நேத்து ஏதாவது சத்தம் போட்டேனா?" அம்மா வழக்கம்போலச் சொன்னாள்: "ஒண்ணும் இல்ல, வந்தீங்க, படுத்தீங்க." நான் வளைந்த காம்பஸை எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் மேஜை மேல் புது ஜியாமெட்ரி பாக்ஸ். அதே மஞ்சள் நிறம். யாரும் எதுவும் பேசவில்லை. நானும் சந்தோஷமாக எடுத்துவைத்துக்கொண்டேன்.

முப்பது வருஷம் கழித்து ஜெக்கிலின் செக்கைப் படிக்கும்போதுதான் உறைத்தது. அவருக்கு யார் சொன்னது? அம்மா சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. அக்காவுக்கு அப்பாவிடம் நின்று பேசும் தைரியம் கிடையாது. அவருக்கே தெரிந்திருக்கிறது. காலையில் 'ஏதாவது சத்தம் போட்டேனா' என்று கேட்டவருக்கு என்ன உடைந்தது, அது என்ன நிறம் என்பது வரை தெரிந்திருக்கிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அளவுக்கு மீறிக் குடித்தால் மூளை புது ஞாபகங்களைப் பதிவதை நிறுத்திவிடும். ஆள் நடப்பார், பேசுவார், சண்டை போடுவார், மறுநாள் அந்த மணி நேரங்களே இருக்காது. சில சமயம் முழுசாகப் போகும், சில சமயம் துண்டு துண்டாக மிஞ்சும். சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, லாக் மட்டும் எழுதப்படவில்லை என்று எங்கள் பாஷையில் சொல்லலாம். ஆகவே எல்லா ராத்திரியும் அப்பாவுக்குத் தெரியும் என்று நான் சாட்சி சொல்ல முடியாது. அந்த ஒரு ராத்திரி தெரிந்திருந்தது.

நமக்குள் எது நான், எது நான் இல்லை என்ற கோட்டை யார் போடுகிறார்கள்? படித்தவற்றில் இரண்டு சோதனைகள் எனக்குப் பிடித்தவை.

ஒன்று கிச்சுகிச்சு. நமக்கு நாமே மூட்டிக்கொண்டால் சிரிப்பு வராது. கை அசைவதற்கு முன்பே, அந்த அசைவால் என்ன உணர்ச்சி வரும் என்று மூளை கணித்து வைத்துக்கொள்கிறது. கணித்தபடியே வந்தால் 'இது நான்' என்று அதன் சத்தத்தைக் குறைத்துவிடுகிறது. சாரா ஜேன் பிளேக்மோரும் கூட்டாளிகளும் 1990-களின் இறுதியில் இதற்கு ஒரு ரோபோ வைத்துச் சோதனை செய்தார்கள். நீங்கள் ஒரு கையால் ரோபோவை அசைக்க, அது உங்கள் மறு கையை வருடும். உங்கள் அசைவுக்கும் வருடலுக்கும் நடுவில் கொஞ்சம் தாமதத்தைச் சேர்த்தார்கள், 100, 200, 300 மில்லிசெகண்ட் என்று. தாமதம் கூடக் கூட கூச்சமும் கூடியது. கண்ணிமைக்கும் நேரம் தள்ளிப்போனால் உங்கள் கையே அடுத்தவன் கை. அந்தக் கோடு பிறக்கும்போதே போட்டு வந்த காம்பவுண்டு சுவர் இல்லை. ஒவ்வொரு நொடியும் கணக்குப் போட்டு நிறுத்திவைக்கிற விஷயம்.

இரண்டாவது, மைக்கேல் கசானிகா செய்தது. வலிப்பு நோய்க்காக மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையை வெட்டிய நோயாளிகளை ரோஜர் ஸ்பெர்ரியும் அவருடைய மாணவர் கசானிகாவும் 1960-களிலிருந்து ஆராய்ந்தார்கள். ஸ்பெர்ரிக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வரிசையில் 70-களில் நடந்த சோதனை இது. ஒருவருக்குப் பேசும் பாதியான இடது மூளைக்கு மட்டும் ஒரு கோழிக்காலைக் காட்டினார்கள். பேசத் தெரியாத வலது மூளைக்கு மட்டும் பனி மூடிய காட்சி. முன்னால் இருக்கும் படங்களில் பொருத்தமானதை எடுக்கச் சொன்னபோது வலது கை கோழியை எடுத்தது, இடது கை பனி அள்ளும் மண்வெட்டியை எடுத்தது. ஏன் என்று கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியது இடது மூளை. அது பனியைப் பார்க்கவே இல்லை. 'தெரியவில்லை' என்றுதானே சொல்லியிருக்க வேண்டும்? சொல்லவில்லை. கோழிக்காலுக்குக் கோழி, கோழிக்கூண்டைச் சுத்தம் பண்ண மண்வெட்டி என்று தயங்காமல் விளக்கம் கொடுத்துவிட்டது. ஜெக்கிலுக்கு நேர் எதிர் இது. அவர் தான் செய்ததை 'அவன்' என்றார். இவர் தான் தொடங்காத ஒன்றை 'நான்' என்றார். 'நான்' என்று சொல்கிற பகுதி, காரியம் நடந்து முடிந்த பிறகு வந்து நிற்கும் செய்தித் தொடர்பாளர் மாதிரி. தெரிந்ததையும் சொல்வார், தெரியாததையும் சொல்வார், வசதிப்படாததை வேறு இலாகாவுக்குத் தள்ளிவிடுவார்.

நோயின் பெயரே மாறியதற்குப் பின்னாலும் இந்தப் பிரச்சினைதான் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1994-இல், அதாவது 'அந்நியன்' வருவதற்கு 11 வருஷம் முன்பே, மல்டிபிள் பெர்சனாலிட்டி என்ற பெயரை எடுத்துவிட்டு டிஸ்ஸோஸியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர் என்று வைத்தது. ஒரு உடம்பில் பல பேர் என்று பார்ப்பதைவிட, ஒருவராக ஒன்றுசேர முடியாமல் போனது என்று பார்ப்பது சரி என்கிற எண்ணம். இந்த நோய் உண்டா, உண்டு என்றால் எவ்வளவு அபூர்வம், டாக்டர்களே கிளறிவிடுகிறார்களா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. அதற்குள் நான் போகவில்லை. நம்ம சினிமாவுக்கோ பல பேர் என்ற பழைய பெயர்தான் வசதி. ஒருவராக ஒன்றுசேராத ஆளுக்கு எப்படி இன்ட்ரோ சாங் வைப்பது?

அதே 2005-இல் ஏப்ரலில் வந்த 'சந்திரமுகி'யிலும் உள்ளே இருப்பது இன்னொரு முழு ஆள். சிகிச்சை என்பது அவளைத் திருப்திப்படுத்தி வெளியேற்றுவது, குடியிருப்பவரைக் காலி பண்ண வைப்பது மாதிரி. அதில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது பாஷை. தமிழ்ப் படத்தில் கங்காவுக்குள் இருக்கும் சந்திரமுகி தெலுங்கு பேசுகிறாள். அதன் மூலமான மலையாள 'மணிச்சித்ரதாழ்' (1993) படத்தில் ஷோபனாவுக்குள் இருக்கும் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, அவள் பேசுவது தமிழ். மலையாளிக்குள் இருக்கும் அந்நியள் தமிழச்சி, தமிழச்சிக்குள் இருக்கும் அந்நியள் தெலுங்குக்காரி. மனசின் எல்லையைப் போட இடம் தேடியவர்கள் மாநில எல்லையிலேயே போட்டுவிட்டார்கள். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நம்ம பேச்சே இந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. 'எனக்குக் கோபம் வந்துருச்சு' என்கிறோம். கோபம் எங்கிருந்தோ பஸ் பிடித்து வருகிறது. நான் அது வந்து இறங்கும் ஸ்டாண்டு. தூக்கம் வருது, அழுகை வருது, ஞாபகம் வருது. வாய் தவறி வந்துருச்சு, கை தவறி விழுந்துருச்சு. தவறு வாயுடையது, கையுடையது. மனசு கேக்கல. யார் சொல்லி யார் கேட்கவில்லை? இதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. கோபம் உண்மையிலேயே வரத்தான் செய்கிறது, நாம் கூப்பிட்டு வருவதில்லை. கோயில் கொடையில் சாமி வந்து ஆடுகிறவரிடம், வந்திருப்பது யார் என்று மரியாதையாகக் கேட்டு, என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுத்து அனுப்புகிற ஊர் நம்முடையது. அங்கே அதற்கு ஒரு நாள் உண்டு, ஒரு இடம் உண்டு, மேளம் நின்றால் சாமி மலையேறிவிடும். சிக்கல், மேளம் இல்லாமல் வீட்டுக்குள் வருகிறவர்களிடம்தான்.

எனக்குக் குடிப் பழக்கம் கிடையாது. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ரிலீஸ் ராத்திரி. புரொடக்‌ஷனில் ஏதோ உடைந்து, மூணு மணி நேரமாகக் கால் ஓடிக்கொண்டிருக்கிறது. பையன் பக்கத்து ரூமில் சின்னக் கீபோர்டில் ஒரே ட்யூனைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தான். எழுந்து போய் அதைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். மறுநாள் அவனிடம் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அது நான் இல்லடா கண்ணா. டென்ஷன்." சொன்ன கையோடு ஆன்லைனில் புதுசு ஆர்டர் போட்டேன். பழையதைவிட விலை கூடுதல்.

புதுக் கீபோர்டை அவன் ரொம்ப நாள் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. அதை அவனுடைய பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

படத்துக்குத் திரும்புகிறேன், கடைசிக் காட்சிக்கு. இரண்டு வருஷ சிகிச்சை முடிந்து, குணமாகிவிட்டார் என்று அம்பியை விடுகிறார்கள். நந்தினியோடு கல்யாணம். ரயிலில் போகிறார்கள். அதே பெட்டியில் ஒருவன் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறான், தங்கையின் சாவுக்குக் காரணமான அந்த ஆள். அவனை ரயிலிலிருந்து தள்ளிவிட்டு, நந்தினியிடம் எதுவும் நடக்காத மாதிரி காட்டிக்கொள்கிறார். 2005-இல் கை தட்டிய காட்சி. 'அந்நியன் இன்னும் போகல' என்று பேசிக்கொண்டே வெளியே வந்தோம்.

நாங்கள் தப்பாகப் பார்த்திருக்கிறோம். மறைக்க வேண்டுமென்றால் தெரிந்திருக்க வேண்டும். மறதிச் சுவர் இருந்தவரை அம்பி யாரிடமும் எதையும் மறைத்ததில்லை, மறைக்க அவரிடம் எதுவும் இல்லை. இந்த ரயிலில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும். டாக்டர்கள் சுவரை வெற்றிகரமாக உடைத்துவிட்டார்கள், பிளவு குணமாகிவிட்டது. குணமான ஆள் செய்யும் முதல் கொலை இது. படம் மூன்று மணி நேரம் கட்டிக்காத்த அத்தனை அனுதாபத்தையும் இந்த ஒரு காட்சி காலி பண்ணிவிடுகிறது. அதை ஷங்கர் தெரிந்து செய்தாரா, இன்னொரு கைதட்டலுக்காகச் செய்தாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பின்னதாகத்தான் இருக்கும் என்று சந்தேகம். ஆனாலும் படத்தில் நேர்மையான காட்சி என்று எனக்குப் பட்டது இது ஒன்றுதான். கையெழுத்து சாய்வு இல்லாமல் விழுந்திருக்கிறது.

போன வாரம் அம்மாவிடம் ஜியாமெட்ரி பாக்ஸ் பற்றிக் கேட்டேன். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, கடைசியில் நேராகவே கேட்டுவிட்டேன். "அப்பாவுக்கு அன்னைக்கு நடந்தது தெரியும்மா. தெரியாத மாதிரிதான் கேட்டிருக்காரு. உனக்குத் தெரியுமா?"

அம்மா கொஞ்சம்கூட அசரவில்லை. "பொட்டி வாங்கக் காசு எங்கிட்டதானேடா கேட்டாரு," என்றாள்.

அவர் காலையில் ஒன்றும் தெரியாமல் கேட்டதும், இவள் ஒன்றும் இல்லை என்று சொன்னதும், அதற்கப்புறம் மில்லுக்குப் போகும்போது வாசலில் நின்று பையனுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கணும், காசு குடு என்று கேட்டதும், இவள் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்ததும், எல்லாம் அரை மணி நேரத்துக்குள். இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. மற்றவருக்குத் தெரியும் என்பதும் தெரிந்திருக்கிறது.

"அப்புறம் ஏன் எங்ககிட்ட அது அப்பா இல்லன்னு சொன்னே?"

"பின்ன என்னன்னு சொல்றது? நீங்க ரெண்டு பேரும் சாயங்காலம் அவர்கிட்ட கணக்குக் கேக்கப் போவீங்க. கால மிதிச்சு ஏறி விளையாடுவீங்க. அதைக் கெடுக்கச் சொல்றியா?" கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "எனக்கும் காலைல அந்த ஆளுக்குக் காபி போட்டுக் குடுக்கணும்ல," என்றாள்.

'அந்த ஆளு' என்றது அவரையா, அவனையா என்று நான் கேட்கவில்லை.

பையனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நேற்று ராத்திரி அவன் ரூமுக்குப் போய், கொலை பண்ணினது அம்பிதான்டா என்று ஆரம்பித்தேன். "அது எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா, பாட்டி சொன்னதாலதான் ஒண்ணும் சொல்லல," என்றான். கீபோர்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவன் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.